செஞ்சிக் கோட்டையின் வரவு செலவு

செஞ்சி என்றதும் உங்களுக்கு யார் ஞாபகம் வரும்? ராஜா தேசிங்குதான். பாராசாரிக் குதிரையும், உயிர் நண்பன் மகமத்கானும், உடன்கட்டை ஏறிய இளம் ராணியும் கண் முன்னே வந்து நிற்பார்கள். தெருக்கூத்திலும் கதைப் பாட்டிலும் சினிமாவிலும் அழுது தீர்த்த கதை அல்லவா! ஆனால் 1714-ல் அந்தச் சண்டை எதற்காக மூண்டது என்று என்றைக்காவது கேட்டிருக்கிறீர்களா?

பாக்கிப் பணத்துக்காக!

ஆமாம். தேசிங்கின் தகப்பனார் ஸ்வரூப் சிங் காலத்திலிருந்தே ஆற்காட்டுக்குக் கட்ட வேண்டிய கப்பம் பல வருஷங்களாக நிலுவையில் நின்றது. தகப்பனார் கண்ணை மூடினார். பாக்கி பிள்ளை தலையில் விழுந்தது. ஆற்காட்டு நவாப் சாதத்துல்லாகான் சைன்யத்தோடு வந்தார். வீரம் கதையாயிற்று, கணக்கு மட்டும் மறந்து போயிற்று.

ஆகவே இன்றைக்குக் கத்தியையும் குதிரையையும் ஒதுக்கி வைத்துவிட்டு, இந்தக் கோட்டையின் களஞ்சியத்தையும் கஜானாவையும் கொஞ்சம் பார்ப்போம். மாதக் கடைசியில் அரிசி டின்னைத் தட்டிப் பார்க்கிறவர்களுக்கு இது விளங்காத விஷயமே அல்ல.

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போகும் பஸ்ஸில் ஏறினால், முக்கால் மணி நேரத்துக்குள் பாறைகளை அள்ளிக் கொட்டினாற்போல மூன்று குன்றுகள் தெரியும். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி. மூன்றையும் மதில் வளைத்துக் கட்டியிருக்கிறது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ நிறுவனம் மராட்டியர் காலத்து ராணுவக் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது, பதினொன்று மகாராஷ்டிரத்தில் இருக்க, பன்னிரண்டாவதாக நம் செஞ்சியும் அதில் இடம் பெற்றது. அது முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம் இன்னும் அதிகம்.

வருகிறவர்கள் கல்யாண மஹாலின் முன்னால் நின்று போட்டோ எடுத்துக் கொள்கிறார்கள். கால் வலு உள்ளவர்கள் 800 அடி உயர ராஜகிரியின் உச்சிக்கு ஏறுகிறார்கள். நெற்களஞ்சியத்தின் உள்ளே எட்டிப் பார்ப்பவர்கள் குறைவு. எட்டிப் பார்த்தாலும், "வெறும் இருட்டறை" என்று திரும்பி விடுவார்கள்.

அந்த இருட்டறைதான் கோட்டையின் உயிர்நிலை! சுவர்களின் கனத்தைப் பாருங்கள். மேலே வளைவுக் கூரை. வெயிலின் சூடு உள்ளே இறங்காது, மழையின் ஈரம் ஏறாது. கீழே ஒன்று, ராஜகிரியின் மேலே ஒன்று, கிருஷ்ணகிரியின் மேலும் உண்டு. எதிரி கீழ்க் கோட்டையைப் பிடித்துக் கொண்டாலும் மேலே இருப்பவர்களுக்கு உலை வைக்க நெல் வேண்டுமே! கிருஷ்ணகிரியில் இன்னும் ஒரு வேடிக்கை: எண்ணெய்க்கும் நெய்க்கும் தனித் தனியாகக் கல்லில் கிணறு. நம் வீட்டில் சீசாவில் வைப்பதை அவர்கள் கிணற்றில் வைத்திருக்கிறார்கள். எத்தனை வாய்க்கு எத்தனை நாள் என்று கணக்குப் போட்டவன் வெட்டிய கிணறு அது. தண்ணீருக்கும் அப்படியே. ராஜகிரியின் மேல் வற்றாத சுனைகள், மழை நீரைத் தேக்கும் தொட்டிகள், அடிவாரத்தில் குளங்கள். கல்யாண மஹாலின் மேல் மாடிக்கே சுட்ட மண் குழாய் வழியாகத் தண்ணீர் ஏற்றியிருக்கிறார்கள்.

1597-ல் நிக்கலாஸ் பிமென்டா என்ற சேசு சபைப் பாதிரியார் இங்கே வந்தார். அப்போது கிருஷ்ணப்ப நாயக்கர் ஆட்சி. லிஸ்பனைத் தவிரப் போர்ச்சுக்கலில் இதற்கு ஈடான நகரமே இல்லை என்று அவர் எழுதி வைத்தார். அந்தச் செல்வமெல்லாம் சுற்றிலும் உள்ள ஏரிப் பாசன நிலங்களிலிருந்து வந்ததுதான். ஏரி நிறைந்தால் நெல்; நெல் விளைந்தால் கஜானா. படை வந்து மிதித்தால் இரண்டும் இல்லை.

படை என்றால் சும்மாவா? ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். குதிரை ஒன்றுக்கு நாளைக்கு இரண்டு படி கொள்ளு என்றே வைத்துக் கொள்வோம். ஆயிரம் குதிரைக்கு நாளைக்கு 2,000 படி. மாதத்துக்கு 60,000 படி. புல், வைக்கோல் தனி. சவாரி செய்கிறவனுக்குச் சோறு தனி. அவனுக்குச் சம்பளம் தனி. அவன் சண்டை போடுகிற நாளை விடச் சும்மா உட்கார்ந்திருக்கிற நாள்தான் அதிகம். ஆனால் சாப்பாடு எல்லா நாளும் உண்டு! பத்தாயிரம் குதிரைகள் ஊர் எல்லையில் வந்து நின்றால் அந்த ஊரின் கதி என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

1677-ல் சத்ரபதி சிவாஜி பல்லாயிரம் குதிரைகளோடு தென்திசை நோக்கிப் புறப்பட்டபோது, முதலில் செஞ்சிக்கு வரவில்லை. கோல்கொண்டாவுக்குப் போனார். ஏன்? செலவுக்கு ஆள் பிடிக்க! அங்கே சுல்தான் அபுல் ஹஸன் குதுப் ஷாவோடு ஓர் உடன்படிக்கை ஆயிற்று. படையெடுப்பு நடக்கும் காலத்தில் நாள் ஒன்றுக்கு 3,000 ஹொன் சுல்தான் தர வேண்டும். ஹொன் என்பது நம் பக்கத்தில் வராகன் என்று சொன்ன பொற்காசு. அந்தக் காலக் கணக்கில் மாதத்துக்கு நாலரை லட்சம் ரூபாய். துணைக்குப் படையும் பீரங்கியும் கூட. சொந்தக் கஜானாவைத் தொடாமல் ஊரான் பணத்தில் யுத்தம்! கெட்டிக்காரத்தனம்தான், சந்தேகமில்லை.

மே மாதம் செஞ்சி கைக்கு வந்தது. பீஜப்பூரின் கில்லேதார் நாஸிர் முகம்மது பெரிய சண்டை போடாமலே, பணமும் நிலமும் தருவதாகப் பேசி முடித்ததும் இறங்கிப் போய்விட்டார். ஆனால் வேலூர் அப்படி மசியவில்லை. பதினாலு மாத முற்றுகை! அதற்குள் சிவாஜி ஊர் திரும்பியாயிற்று. செலவு மட்டும் இங்கே தங்கிற்று.

ஒரு கோட்டையைப் பிடிப்பது ஒரு செலவு. வைத்துக் காப்பாற்றுவது ஓயாத செலவு. சிவாஜி செஞ்சியின் பழைய மதில்களில் பயனில்லாதவற்றை இடித்துப் புதிதாகக் கட்டினார்; அகழி வெட்டினார்; கொத்தளம் எழுப்பினார். சேசு சபைப் பாதிரிமார் தங்கள் கடிதங்களில் இதை வியந்து எழுதியிருக்கிறார்கள். கல் சுமந்தவர்களுக்கும் சோறு, காவல் நிற்பவர்களுக்கும் சோறு. எல்லாம் புதிதாகப் பிடித்த சீமையின் வரியிலிருந்து வர வேண்டும். அப்போது புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சுக்காரர் பிரான்ஸுவா மர்த்தேனின் நாட்குறிப்பைப் பார்த்தால், வரி வசூலிக்க வந்தவர்களிடம் குடிகள் பட்ட பாடு தெரியும். சிவாஜி மகாராஜாவைக் குறை சொல்லலாமா என்று கோபித்துக் கொள்ளாதீர்கள்! அவர் குடிகளின் கஷ்டம் தெரியாதவர் அல்ல.

அதற்கு ஒரு சாட்சி உண்டு. செஞ்சிக்கு வருவதற்கு மூன்று நான்கு வருஷம் முன்னால், கொங்கணத்தில் சிப்ளூன் முகாமில் இருந்த தன் குதிரைப் படை அதிகாரிகளுக்கு அவர் அனுப்பிய கடிதம் அது. மழைக் காலத்துக்கென்று சேர்த்த தானியத்தையும் புல்லையும் இப்போதே வாரி இறைத்து விடாதீர்கள், பிறகு குதிரைகள் பட்டினி கிடக்கும், நீங்கள் ஊருக்குள் போய்க் குடியானவன் வீட்டு நெல்லிலும் காய்கறியிலும் கை வைப்பீர்கள், அவன் மொகலாயனே தேவலை என்று நினைப்பான் என்று கண்டித்திருக்கிறார். அதோடு விட்டாரா? ராத்திரியில் விளக்கை எரியவிட்டுத் தூங்கினால் எலி எரிகிற திரியை இழுத்துக் கொண்டு போய் வைக்கோல் போரில் போட்டுவிடும், கவனம் என்கிறார்! நம் வீட்டுப் பெரியவர்கள் படுக்கப் போகுமுன் அடுப்படியை ஒரு தரம் பார்த்துவிட்டு வருவார்களே, அதே ஜாக்கிரதை. தன் ஆட்களுக்கு நிலத்தை எழுதிக் கொடுக்காமல் கஜானாவிலிருந்து ரொக்கமாகச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்பதிலும் அவர் கண்டிப்பாக இருந்தார். நிலம் கொடுத்தால் அவன் அந்த நிலத்துக்கு ராஜாவாகி விடுவான் என்பது அவருக்குத் தெரியும்.

இடையிலே ஒரு சின்னச் செய்தி. அந்த 1677-லேயே சிவாஜி சென்னைப் பட்டணத்து ஆங்கிலேயருக்கு ஆள் அனுப்பி, விஷமுறிவு மருந்துகளும் தெம்பூட்டும் சரக்குகளும் வேண்டும், விலை சொல்லுங்கள் என்று கேட்டார். அவர்களோ பணம் வேண்டாம், அன்பளிப்பாக இருக்கட்டும் என்று அனுப்பி வைத்தார்கள். வியாபாரி இலவசமாகக் கொடுத்தால் சந்தேகப்பட வேண்டும் என்று மார்க்கெட்டுக்குப் போகிற எந்தப் பெண்ணும் சொல்வாள்.

இப்போது பிள்ளைகள் கம்ப்யூட்டரில் கோட்டை கட்டி விளையாடுகிறார்கள் அல்லவா? 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' என்று ஒன்று. எட்டிப் பார்த்தால் நமக்குத் துப்பாக்கிச் சத்தம்தான் காதில் விழும். ஆனால் பையனைக் கேட்டுப் பாருங்கள்: உணவு, மரம், தங்கம், கல் என்று நாலு சாமான் சேர்க்க வேண்டும், சேர்ப்பது குடியானவர்கள். இருக்கிற உணவையெல்லாம் சிப்பாய்களாக்கி அடுத்த ஊரைப் பிடிக்க அனுப்பிவிட்டு, வயலுக்கு ஆள் வைக்க மறந்தால், பாதி யுத்தத்தில் கையில் ஒன்றும் இருக்காது. புதிதாகப் பிடித்த இடமும் உடனே பலன் தராது. அங்கேயும் முதலில் செலவுதான். விளையாட்டில் அழித்துவிட்டு மறுபடி ஆரம்பிக்கலாம். செஞ்சியில் அந்த வசதி இல்லை.

பன்னிரண்டு வருஷத்துக்குள் எல்லாம் தலைகீழாயிற்று. சிவாஜி 1680-ல் மறைந்தார். 1687-ல் கோல்கொண்டா ஔரங்கசீப்பின் கையில் விழுந்தது. நாளுக்கு 3,000 ஹொன் கொடுத்த அபுல் ஹஸன் கைதியானார். 1689 மார்ச்சில் சிவாஜியின் மூத்த மகன் சாம்பாஜியைப் பிடித்துக் கொன்றார்கள். இளையவர் ராஜாராம், வயது பத்தொன்பது, யாத்திரை போகிற வீரசைவர் வேஷத்தில் மலையும் காடும் தாண்டி செஞ்சிக்கு ஓடி வந்தார். வழியில் அவருக்கு இடம் கொடுத்தவர் கெளதி நாட்டு ராணி சென்னம்மா. ஒரு ராஜகுமாரனுக்கு அடைக்கலம் கொடுத்த குற்றத்துக்காக மொகலாயப் படை அவர் நாட்டின் மேல் பாய்ந்தது; அந்த அம்மாள் அதையும் சமாளித்தார்.

செஞ்சியில் ராஜாராமை எதிர்கொண்டவரும் ஒரு பெண்தான். அம்பிகாபாய், சிவாஜியின் மகள், ராஜாராமுக்கு அக்காள் முறை. கணவர் ஹர்ஜி மகாதிக் செஞ்சியை நிர்வகித்து வந்தவர். தம்பி வருவதற்குச் சில வாரங்கள் முன்புதான் இறந்து போனார். கோட்டையும் சாவியும் கஜானாவும் அம்பிகாபாயிடம். கொடுக்க மாட்டேன் என்று முதலில் எதிர்த்து நின்றார். பிறகு உடன் இருந்தவர்கள் புத்தி சொல்லவே திறந்து விட்டார். தாலி இழந்த துக்கம் ஆறுவதற்குள் கணவர் காலத்து வரவு செலவுக் கணக்கை ஒப்படைக்கச் சொல்லி, அவரிடமிருந்து பெருந்தொகை ஒன்றைப் புது அரசு வாங்கிக் கொண்டது. அரச குடும்பமானாலும் தம்பி தம்பிதான், கணக்கு கணக்குதான்!

1690 செப்டம்பரில் மொகலாயத் தளபதி ஜுல்பிகர்கான் வந்து முற்றுகையிட்டான். உள்ளே ராஜாராமின் கையில் ரொக்கம் இல்லை. என்ன செய்வார்? வீட்டில் நெருக்கடி வந்தால் முதலில் எதை விற்போம்? மூலையில் கிடப்பதை. கடலோரத்தில், கடலூர் பக்கத்தில், தேவனாம்பட்டினத்தில் ஒரு சின்னக் கோட்டை இருந்தது. அதை 1690-ல் ஆங்கிலேயருக்கு விற்றார். அப்போது சென்னையில் கவர்னர் எலிஹு யேல். அமெரிக்காவில் இருக்கிற யேல் சர்வகலாசாலைக்குப் பெயர் கொடுத்தாரே, அவர்தான். விற்பனைப் பத்திரத்தில் ஒரு ஷரத்து: கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு போய் விழுகிற தூரம் வரை உள்ள கிராமங்களும் கோட்டையைச் சேர்ந்தவை. ஆங்கிலேயர் நல்ல பீரங்கி ஒன்றைக் கொண்டு வந்து நாலா திசையிலும் சுட்டார்கள். கடலூர்ப் பட்டணமே அந்த வட்டத்துக்குள் வந்துவிட்டது! 'குண்டு கிராமங்கள்' என்ற பெயர் அந்த ஊர்களுக்கு வெகு காலம் நிலைத்தது. 1746-ல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர் பிடித்துக் கொண்டபோது ஆங்கிலேயர் ஒதுங்கி நின்று உயிர் பிழைத்தது அந்தத் தேவனாம்பட்டினத்தில்தான். ராஜாராமுக்குக் கிடைத்த பணம் எத்தனை மாதம் தாங்கியிருக்கும்?

அடுத்தபடியாக அவர் விற்றது, கையில் இல்லாத பொருளை.

தகப்பனார் கூடாது என்றாரே, அதையே செய்தார். சர்தார்களே, நீங்களே ஆள் சேர்த்துக் கொள்ளுங்கள், மொகலாயன் பிடித்து வைத்திருக்கும் நாட்டை மீட்டால் அது உங்களுக்கே என்று எழுதிக் கொடுத்தார். 1691-ல் ஹனுமந்தராவ் கோர்படே என்பவருக்கு எழுதிய பத்திரம் ஒன்று வேடிக்கையாக இருக்கும். ராய்கட் சீமை பிடிபட்டால் 62,500 ஹொன் வருமானமுள்ள நிலம். பீஜப்பூர் பிடிபட்டால் இன்னொரு 62,500. பாக்யநகர் என்ற ஹைதராபாத்துக்கு 62,500. ஔரங்காபாத்துக்கு 62,500. டில்லி பிடிபட்டால் இரண்டரை லட்சம்! எழுதியவர் எங்கே இருந்து எழுதினார்? வெளியே கால் வைக்க முடியாத செஞ்சிக் கோட்டையிலிருந்து. சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் காகிதத்தை நம்பி ஆயிரமாயிரம் பேர் குதிரை ஏறினார்கள் என்பதும் நிஜம்.

வெளியே முற்றுகையிட்டவன் சுகமாக இருந்தானா? அதுவும் இல்லை! 1692 டிசம்பரில் சாந்தாஜி கோர்படேயும் தானாஜி ஜாதவும் முப்பதாயிரம் குதிரைகளோடு வந்து மொகலாயரின் வழிகளை அடைத்தார்கள். காஞ்சீபுரத்து மொகலாய அதிகாரி அலி மர்தான்கானைப் பிடித்து, லட்சம் ஹொன் வாங்கிக் கொண்டே விட்டார்கள். பொதி மாட்டில் தானியம் வரவில்லை. ஜுல்பிகர்கான் தானே வந்தவாசிக்குப் போய் நெல் ஏற்றிக் கொண்டு வர வேண்டியதாயிற்று. வழியில் தேசூரில் மராட்டியர் மறித்துக் கொண்டார்கள். தப்பி வந்து சேர்ந்த தானியம் முகாமின் பசிக்குக் காணவில்லை. கூட வந்த இளவரசன் காம் பக்ஷோ உள்ளே இருப்பவர்களோடு ரகசியமாகப் பேரம் பேசினான்; அவனையே காவலில் வைத்தார்கள். கடைசியில் 1693 ஜனவரியில் முற்றுகையைத் தூக்கிக் கொண்டு வந்தவாசிக்குப் பின்வாங்கினார்கள். அந்த 1693-லேயே மொகலாயர் தரப்பிலிருந்து எழும்பூரும் புரசவாக்கமும் தண்டையார்பேட்டையும் ஆங்கிலேயருக்குக் கிடைத்தன. ஒருவர் கடலூரைக் கொடுத்தார், இன்னொருவர் எழும்பூரைக் கொடுத்தார். பட்டணத்து வாசகிகளே, எழும்பூர் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருக்கும்போது செஞ்சியைக் கொஞ்சம் நினைத்துக் கொள்ளுங்கள்!

பீம்சேன் என்று ஒருவர் அந்த மொகலாய முகாமிலேயே குமாஸ்தாவாக இருந்து எல்லாவற்றையும் எழுதி வைத்தார். தளபதி மனம் வைத்திருந்தால் வந்த அன்றைக்கே கோட்டையைப் பிடித்திருக்கலாம், யுத்தம் நீடித்தால்தானே தளபதிகளுக்குப் பிழைப்பு என்பது அவருடைய அபிப்பிராயம். முழுவதும் அப்படியே நம்ப வேண்டியதில்லை. மலையைப் பார்த்தவர்களுக்கு அது ஒரே நாளில் ஏறக் கூடியதா என்று தெரியும். ஆனாலும் சம்பளம் கொடுப்பவர் தூரத்தில் இருந்தால் வேலை மெதுவாக நடக்கும் என்பது நாம் அறியாததா?

எட்டு வருஷம் இழுத்துப் பறித்து, 1698 தொடக்கத்தில் செஞ்சி விழுந்தது. ராஜாராம் அதற்கு முன்பே வேலூர் வழியாகத் தப்பி ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார். அவருடைய ராணிகளும் குழந்தைகளும் கோட்டையில் அகப்பட்டுக் கொண்டார்கள். ஒரு ராணி மதிலின் மேலிருந்து குதித்து உயிரை விட்டார் என்கிறார்கள். அவர் பெயரைச் சொல்லும் கதைப் பாட்டு எதுவும் இல்லை.

சுற்றுப்புறத்துக் கிராமங்களைப் பற்றியும் பாட்டு இல்லை. எட்டு வருஷத்தில் எத்தனை அறுவடை! சம்பாவும் நவரையும் இரண்டு படைகளுக்கும் மாறி மாறிப் போயின. ஒருவருக்கு வரி கட்டினால் மற்றவன் வந்து நிற்பான். விதை நெல்லைக் குதிரை தின்றால் அடுத்த வருஷத்துக்கு எதை விதைப்பது?

ராஜாராம் 1700-ல் காலமானார். அவருடைய மனைவி தாராபாய்க்கு அப்போது வயது இருபத்தைந்து. கணவரோடு செஞ்சியில் இருந்து எல்லாவற்றையும் பார்த்தவர். சிறு பிள்ளையைச் சிம்மாசனத்தில் வைத்து, ஏழு வருஷம் ஔரங்கசீப்பை எதிர்த்து யுத்தத்தை அவரே நடத்தினார். அவர் செய்த முதல் காரியம், கோட்டைக்குள் உட்கார்ந்து கையிருப்பைக் கரைப்பதை விட்டதுதான். படைகளை மாளவம், குஜராத் என்று மொகலாயர் சீமைக்குள்ளேயே அனுப்பினார்; அங்கங்கே தம் ஆட்களை வைத்து வரியும் சுங்கமும் வசூலித்தார். யுத்தச் செலவு எதிராளியின் தலையில்! அந்தப் பக்கம் கிழ பாதுஷாவின் சிப்பாய்களுக்கு வருஷக் கணக்கில் சம்பள பாக்கி. அப்படியே 1707-ல் அவரும் போய்ச் சேர்ந்தார்.

ராஜாராம் எழுதிக் கொடுத்த காகிதங்கள் என்னவாயின என்று கேட்பீர்கள். அவை பலித்துவிட்டன! சர்தார்கள் நிஜமாகவே நாடுகளைப் பிடித்தார்கள். பிடித்ததைத் தங்களிடமே வைத்துக் கொண்டார்கள். ஐம்பது வருஷத்துக்குள் சத்ரபதி ஸதாராவில் பெயருக்கு ராஜா; அதிகாரமும் வருமானமும் வெளியே.

செஞ்சிக்குப் போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள். பத்து மணிக்கு மேல் பாறை சுடும். தண்ணீர் கையோடு கொண்டு போங்கள். எல்லோரும் ராஜகிரிக்கே ஓடுவார்கள். நீங்கள் சாலைக்கு வடக்கே திரும்பி, ராணிக் கோட்டை என்று ஊரார் சொல்லும் கிருஷ்ணகிரியில் ஏறுங்கள். ஏற்றம் கொஞ்சம் சுலபம். எண்ணெய்க் கிணறும் நெய்க் கிணறும் அங்கேதான் இருக்கின்றன. தை, மாசியில் போனால், இறங்கி வரும்போது ஊருக்குள் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தையும் எட்டிப் பாருங்கள். சுற்றுக் கிராமத்து நெல் மூட்டைகள் வாசல் வரை அடுக்கியிருக்கும்.